முப்பத்தெட்டுச் சுற்று

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்குப் பதினோராம் நம்பர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே அழ ஆரம்பித்துவிடும். உள்ளே இருப்பவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டர்கள் உட்பட. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர்கள் யாரும் இல்லை. இரண்டு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழ் சட்டம் போட்டு, வீட்டு முன்னறையில் சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஆனால் அந்தச் சான்றிதழில் எழுதாத ஒன்று அவளுடைய இடதுகை ஆள்காட்டி விரலில் இருந்தது. குண்டான கை, வற்றிய கை, நரம்பே கண்ணுக்குத் தெரியாத கை எதுவானாலும் அந்த விரலை வைத்து லேசாக அமுக்குவாள். எடுப்பாள். கொஞ்சம் தள்ளி மறுபடி அமுக்குவாள். தோலுக்கு அடியில் நரம்பு இருந்தால் அது விரல் நுனியைப் பட்டும் படாமலும் திருப்பித் தள்ளும். தள்ளுகிற இடத்தில் ஊசியை விட்டால் ஒரே குத்தில் ரத்தம் ஏறும். பிறந்து பத்து நாளான குழந்தைகள், எண்பது வயதுக் கிழவர்கள், மற்றவர்கள் நாலு தடவை குத்திக் கைவிட்டவர்கள் எல்லோரும் கடைசியில் பதினோராம் நம்பருக்குத்தான் வருவார்கள்.

"கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. மூச்சை இழுத்து விடுங்க. ஒண்ணும் ஆகாது." இதை ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்வாள். கேட்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவள் யோசித்ததே கிடையாது. அந்தப் பெட்டி வீட்டுக்கு வரும்வரை.

ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமை ஒழித்தபோது, சக்கரம் போன ஒரு நாற்காலிக்குக் கீழே கிடந்தது அது. சாவி கொடுத்து ஓட வைக்கும் பழைய கிராமபோன். மூடி பிளந்து, ஊதுகுழல் துருப்பிடித்து, கால் ஒன்று இல்லாமல் இருந்தது. சோதனைக் குழாய்ப் பெட்டி எடுக்கப் போனவள் பக்கவாட்டில் நீட்டியிருந்த கைப்பிடியைச் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவள் கையை மெல்லத் திருப்பித் தள்ளியது. நரம்பு தள்ளுமே, அப்படி. அவள் இன்னொரு சுற்று சுற்றினாள்.

"வேணும்னா எடுத்துட்டுப் போங்கக்கா. இல்லேன்னா நாளைக்குப் பழைய இரும்புக்குப் போயிடும்" என்றார் ஸ்டோர்காரர்.

அவள் கணவன் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். வழி முழுக்கப் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததாகவும், அது மரியாதையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்ததாகவும் அளந்துகொண்டிருந்தான்.

பழுது பார்ப்பது எப்படி என்று கேட்கப் போன இடத்தில்தான் பயம் ஆரம்பித்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருப்பவருக்கு ஒன்பதரை என்று பெயர். அவரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெயருக்கான காரணத்தை அவர் கல்லாமேசை மேல் எடுத்து வைத்தார். இடதுகை ஆள்காட்டி விரல். நடுக்கணுவோடு நின்றுபோயிருந்தது.

"தங்கச்சி, இந்தப் பொட்டிக்குள்ள ஒரு டப்பா இருக்கு. டப்பாக்குள்ள ரெண்டு ஆள் நீளத்துக்கு இரும்புப் பட்டை சுருண்டு கிடக்கும். அதான் ஸ்பிரிங். சாவி குடுத்தா அது இறுகிக்கிட்டு உக்காந்திருக்கும். எத்தனை வருஷமானாலும் உக்காந்திருக்கும், அதுக்குப் பொறுமை ஜாஸ்தி. ஓட விட்டு, சுத்தமா தீத்துட்டுத்தான் ஸ்க்ரூல கை வைக்கணும். நான் ஒரு தடவை தீந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்." பாதி விரலை ஆட்டிக் காட்டினார். "மிச்சத்தக் கடை முழுக்கத் தேடினோம். எலி தூக்கிட்டுப் போயிடுச்சு போல."

கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கம்பியை நாலு விரலால் பிடித்துக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள். அது போனால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டாள். பதிவு கவுண்ட்டரில் உட்கார வைத்து, பேர் என்ன, வயசு என்ன என்று எழுதச் சொல்வார்கள். அவ்வளவுதான் மிஞ்சும்.

பயந்தாளே தவிர விடவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் பெட்டியோடு உட்காருவாள். முதலில் சோப்புத் தண்ணீர் போட்டு மரத்தைத் தேய்த்ததில் பாதி மெருகு போயிற்று. பல்சக்கரங்களுக்குச் சமையல் எண்ணெய் ஊற்றினாள். இரண்டே நாளில் அது பசையாகி எறும்பு வந்தது. ஒன்பதரை தலையில் அடித்துக்கொண்டு, ஒரு சின்ன டப்பாவில் கிரீஸ் கொடுத்து அனுப்பினார். "இதென்ன தோசைக்கல்லா, எண்ணெய் விடறதுக்கு" என்று கேட்டாராம். கணவனிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இயந்திரம் இருக்கும் பலகையைப் பெட்டியிலிருந்து தூக்குகிற வேலையை மட்டும் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டாள்.

இதையெல்லாம் முன்னறை நாற்காலியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய மாமனார். ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவர். அதுதான் அவருக்கு வேலையே. நாற்பத்தொரு கடிகாரம், ஏணி ஒன்று, சாவிக்கொத்து ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியது முன்னறைச் சுவரில் ஒன்றே ஒன்று. காலை ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, எத்தனை சுற்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே அதற்குச் சாவி கொடுப்பார். சாவி இறங்கிப்போய்ச் சும்மா கிடக்கிற எந்தப் பொருளையும் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. பேரன் பேத்திகள் சின்னதாக இருந்த காலத்தில், பொம்மைக் கார்களுக்குக்கூட அவரே சாவி கொடுத்து அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைப்பார் என்று கண்டக்டர் சொல்வதுண்டு.

மாமனாருக்கும் மருமகளுக்கும் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பக்கமும் இருந்த கூச்சம் அப்படியே இறுகி, இருபத்தொரு வருஷத்தில் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் கண்டக்டர் வழியாகச் சொல்வார்கள். அவன் டூட்டிக்குப் போயிருந்தால் மாமனார் கடிகாரத்தைப் பார்த்து, "டீ நேரம் ஆச்சு போலிருக்கு" என்பார். அவள் அடுப்பைப் பார்த்து, "பால் இன்னும் வரல" என்பாள். வேலை நடந்துவிடும். இன்னொன்றும் உண்டு. அவருக்கு ரத்தம் என்றால் ஆகாது. மாதாமாதம் சர்க்கரை பார்க்க, மருமகள் இருக்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வேறொரு லேபுக்குப் போவார். ஊசியைக் கண்டு தான் முகத்தைச் சுளிப்பதை மருமகள் பார்த்துவிடக் கூடாதாம்.

ஒரு சனிக்கிழமை அவள் துணிந்தாள்.

கைப்பிடியில் மிச்சமிருந்த சாவியை ஓட விட்டாள். தட்டு முனகிக்கொண்டே சுற்றியது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். சுற்றிச் சுற்றித் தளர்ந்து, ஒரு பெருமூச்சோடு நின்றது. கைப்பிடியைக் கழற்றினாள். தட்டை எடுத்தாள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையைத் தூக்கி, பின்கட்டு அறையில் இருக்கும் மேசைமேல் இரண்டு மரக்கட்டை வைத்து, அவற்றின்மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். இப்போது எல்லாம் வெளியே தெரிந்தது: ஸ்பிரிங் இருக்கும் டப்பா, அதை ஒட்டி வரிசையாகப் பல்சக்கரங்கள், கடைசியில் ஒரு தண்டில் மூன்று ஈயக் குண்டுகள். வேகத்தை அடக்குவது அந்தக் குண்டுகள்தான். அவற்றைத் தாங்கும் தகடுகள் வளைந்துவிடாமல் இருக்க, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில், மூன்றையும் சேர்த்துக் கட்டுத்துணியால் சுற்றிக் கட்டி, தண்டையும் அசையாமல் சட்டத்தோடு பிணைத்தாள். கடைசியாக, மனசு கேட்காமல், கைப்பிடியை மறுபடி அதன் துளையில் மாட்டி ஆட்டிப் பார்த்தாள். திருப்பித் தள்ளவில்லை. காலி. கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டுச் சமைக்கப் போனாள். மறுநாள் செய்யப்போகிற வேலை அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஆனாலும் தீர்த்தாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கண்டக்டருக்கு டூட்டி. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். தெரு வெயிலில் ஓய்ந்து கிடந்தது. அவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். குண்டுகள் இருக்கும் தண்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அதிலிருந்த பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. நேற்று பார்த்தாயிற்றே என்று கைப்பிடியைத் தொடவில்லை. ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கத் திருகைக் கழற்றினாள். அடுத்த பக்கத்தைத் தளர்த்தினாள். கட்டுத்துணியோடு தண்டு இடத்தைவிட்டு அசைந்தது.

அடுத்த கணம் பலகை முழுக்க உறுமியது. அடங்கிக் கிடந்த பல்சக்கரங்கள் ஒன்றாகக் கிளம்பின. எது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையை எடுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்திருப்பார்கள். அவள் கை அப்படிப் பழகியதல்ல. பத்தொன்பது வருஷமாக, ஊசியை உருவினால் அடுத்த நொடி விரலால் அழுத்துகிற கை அது. ஏதாவது பீறிட்டால் அழுத்து, கேள்வி கேட்காதே. இடது ஆள்காட்டி விரல் தானாகப் போய் அழுத்தியது.

உறுமல் நின்றது.

முதலில் வலிக்கவில்லை. பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவில் விரல் நுனி போய்ச் சிக்கியிருப்பதை அவள் பார்த்தாள். பித்தளைப் பற்கள் சதைக்குள் இறங்கியிருந்தன. ஸ்பிரிங் டப்பாவின் முழு பலமும் அந்த விரலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வா உள்ளே வா என்று இழுத்தது. பின்னால் இழுத்தால் சதை போகும். இழுக்காவிட்டால் எலும்பு. ஒன்பதரையின் மேசைமேல் கிடந்த விரல் கண்முன் வந்தது. பிறகுதான் வலி வந்தது.

போன் முன்னறையில் சார்ஜில் இருந்தது. வீட்டில் இருக்கும் இன்னொரு உயிர் மாமனார் மட்டும்தான். கூப்பிட வேண்டும். இருபத்தொரு வருஷத்தில் அவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதே இல்லை.

"மாமா."

முன்னறையில் நாற்காலி கிரீச்சிட்டது. ஆனால் காலடிச் சத்தம் வரவில்லை. அவர் கடிகாரத்திடம் சொல்வது கேட்டது: "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"நான்தான் மாமா. நீங்கதான் வரணும். சீக்கிரம் வாங்க."

அவர் வந்தார். வாசலில் நின்றார். மேசையில் வழிந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். உதடு வெளுத்தது. மயக்கம் போடுகிறவர்களுக்கு முதலில் உதடுதான் வெளுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் விழுந்துவிட்டால் தனக்கு வேறு யாரும் இல்லை என்பதும் தெரியும்.

"மாமா, இங்க பாக்காதீங்க. திரும்பிக் கடிகாரத்தப் பாருங்க. மூச்சை இழுத்து விடுங்க. ம், இன்னொரு தடவை."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சு விட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். நேற்றே ஓட விட்டுத் தீர்த்துவிட்டதாகவும், எப்படி இப்படி ஆயிற்று என்று புரியவில்லை என்றும் சொன்னாள்.

"காலையில நான்தான் சாவி குடுத்தேன்" என்றார், கடிகாரத்தைப் பார்த்தே. "கைப்பிடி வெளிய இருந்துச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு. முழுசா குடுத்தேன். முப்பத்தெட்டுச் சுத்து."

சாவி ஏறியும் அது ஓடாமல் இருந்ததற்குக் காரணம் அவள் கட்டிய கட்டுத்துணி. அது அவருக்குத் தெரியாது. சாவி ஏறியது அவளுக்குத் தெரியாது. யார்மீதும் கோபப்பட அவளுக்கு நேரம் இல்லை. விரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. ரத்தம் ஓடாத சதை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சான்றிதழுக்குப் படித்தபோது படித்திருக்கிறாள். படித்ததை அப்போது நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

போனை எடுத்து யாரையாவது வரவழைக்கலாம். அவருக்குப் போனைத் திறக்கத் தெரியாது. கொண்டுவரச் சொல்லி ஒரு கையால் அடித்து, ஒருவர் கிளம்பி வந்து சேர அரை மணியாவது ஆகும். அவர் அதற்குள் பக்கத்தில் வந்து குனிந்திருந்தார். ரத்தம் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கைப்பிடி இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்தார். சாவி ஏறும்போது டக் டக் என்று விழுந்து, பின்னால் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி அங்கே இருந்தது.

"கடிகாரத்துல சாவிய இறக்கறது உண்டு. சாவியக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, இந்தக் கொக்கியத் தூக்கி, ஒவ்வொரு சுத்தா பின்னால விடணும்."

"செஞ்சிருக்கீங்களா மாமா?"

"கடிகாரத்துல."

"இதுல?"

"இதுல இல்லம்மா."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். டீ கிளாஸைச் சாசரில் வைக்கும்போது தந்தி அடிக்கிற கைகள். கொக்கியைத் தூக்கிய நேரத்தில் அந்தக் கை நழுவினால் கைப்பிடி பேயாகச் சுழலும். அது எங்கே போய் அடிக்கும், சக்கரங்கள் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. இப்படியே இருந்தால் விரல் மெல்ல மெல்லப் போகும். அந்தக் கைகளை நம்பினால் ஒரே நொடியில் போகலாம், இல்லை பிழைக்கலாம்.

"பிடிங்க மாமா" என்றாள்.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார். அவருடைய நடுக்கம் கைப்பிடி வழியாக டப்பாவுக்குப் போய், டப்பா வழியாகப் பல்சக்கரங்களுக்குப் போய், அவள் விரல் நுனியில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நடுக்கத்தையும் அவள் விரல் தனித்தனியாக உணர்ந்தது. அவள் வலதுகை ஸ்க்ரூடிரைவரின் முனையால் கொக்கியைத் தூக்கினாள். கைப்பிடி அவர் கையைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று பின்னால் வந்தது. அவள் கொக்கியை இறக்கினாள். டக்.

"முப்பத்தேழு பாக்கி" என்றார்.

மறுபடி. முப்பத்தாறு. மறுபடி. இருவருக்கும் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்க யாருக்கும் கை இல்லை. முப்பது வரை வந்தார்கள். அடுத்த சுற்றின் பாதியில் வியர்வையில் அவர் கை வழுக்கியது. கைப்பிடி பிய்த்துக்கொண்டு சுழன்று அவர் மணிக்கட்டில் அடித்தது. அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டாள். கொக்கி தானாக விழுந்தது. டக். பற்கள் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றன. அவள் போட்ட சத்தம் அவளுக்கே வேறு யாரோ கத்துவது மாதிரி கேட்டது.

அவர் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "என்னால முடியாதும்மா. வேற யாரையாவது கூப்பிடு. நான் உன் கையக் கெடுத்துடுவேன்."

"முடியும் மாமா. ஒண்ணும் ஆகாது."

சொன்ன பிறகுதான் அதை அவள் காதால் கேட்டாள். அதே குரல், அதே சொல். ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எண்பது பேரிடமும் தினமும் தெரியாமல்தான் சொல்லியிருக்கிறாள். அவர்களும் வேறு வழியில்லாமல்தான் நம்பியிருக்கிறார்கள். இப்போது அவர் நம்புகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தோள் துண்டை எடுத்துக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தனைல விட்டோம்?" என்று கேட்டாள்.

"வழுக்கினதுல ரெண்டு சுத்து சேந்து போயிடுச்சு. இருபத்தெட்டு பாக்கி." எண்ணிக்கை மட்டும் அவருக்குத் தப்பவே இல்லை.

இருபதில் விரலை இழுக்கும் பலம் குறைந்தது. குறைந்ததும் ரத்தம் திரும்ப ஓடி வலி இரண்டு மடங்காயிற்று. பத்தில் பற்கள் லேசாக விட்டுக்கொடுத்தன. இப்போதே உருவிவிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், முழுசாகத் தீரட்டும், பாதியில் விடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். மூன்று. இரண்டு. ஒன்று. கடைசிச் சுற்று முடிந்தபோது கைப்பிடி அவர் கையில் செத்துப்போன மாதிரி தொங்கியது.

"நான் குடுத்தது தீந்துடுச்சு. அதுக்கு முன்னால எவ்வளவு இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல மாமா. நேத்து நான் காலியாக்கினேன்."

அவர் பெரிய சக்கரத்தை ஒரு பல் பின்னால் திருப்பினார். விரல் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பதினோராம் நம்பருக்கு எதிர் அறையில் வைத்துத்தான் தையல் போட்டார்கள். நாலு தையல். விரல் இருந்தது, எலும்பு முறியவில்லை. ஆனால் நுனியில் தொட்டால் தெரியவில்லை. தொடு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவளைப் பதிவு கவுண்ட்டருக்கு மாற்றினார்கள். தற்காலிகமாக என்றுதான் சொன்னார்கள். அவள் பேர் என்ன, வயசு என்ன என்று எழுதினாள்.

கட்டுப் பிரித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு உப்புக்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். சட்டைப் பொத்தானின் துளையைத் தேடினாள். தன் மணிக்கட்டில் நரம்பைத் தேடினாள். விரல் நுனியில் ஒரு பழைய துணியைச் சுற்றி வைத்தது மாதிரி இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கண் விழித்ததும் விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்க்கும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். தேய்த்த பிறகு இன்னும் அதிகமாக அடித்துக்கொள்ளும்.

அந்தப் பெட்டியைத் தூக்கி ஒன்பதரையிடமே போட்டுவிட்டு வருகிறேன் என்றான் கணவன். இந்தத் தடவை அவன் தமாஷ் பண்ணவில்லை. இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். பலகை அப்படியே கவிழ்ந்து கிடந்தது, மேலே ஒரு போர்வையோடு.

ஒரு நாள் வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. என்னவென்று புரியச் சிறிது நேரமாயிற்று. சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது. நாலு மணி பத்து நிமிஷம், எந்த நாளுடையது என்று தெரியவில்லை. சாவி ஸ்டூலின் மேல் இருந்தது. மாமனார் நாற்காலியில் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் கேட்டதற்கு, கை நடுங்குகிறது என்று மட்டும் சொன்னாராம். அவள் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓடாத கடிகாரத்திடம் என்ன சொல்வது?

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை. பதிவு கவுண்ட்டரில் வரிசை வாசல்வரை நின்றது. குனிந்தபடியே, "பேர் என்ன?" என்றாள். எழுதப் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மாமனார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சர்க்கரைச் சோதனைச் சீட்டைக் கவுண்ட்டரில் வைத்தார்.

"நீங்க அந்த லேபுக்குத்தானே போவீங்க மாமா?"

"ரெண்டு பஸ் மாறணும்." அவர் அவளைப் பார்த்தே பேசினார். "யாரு எடுப்பாங்க இங்க?"

பதினோராம் நம்பரில் புதிதாக ஒரு பெண் இருக்கிறாள், நன்றாகவே எடுப்பாள் என்று சொன்னாள்.

"நீ எடு."

வரிசையில் பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். அவள் இடதுகையைக் கவுண்ட்டருக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். "எனக்கு விரல் இன்னும் சரியாகல மாமா. நரம்பு அகப்படாம ரெண்டு மூணு தடவை குத்த வேண்டி வரலாம்."

"குத்து. முப்பத்தெட்டு வரைக்கும் நான் எண்ணிக்கிட்டு இருப்பேன்."

புதுப் பெண் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். வற்றிய கை, நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. உதடு அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. ரப்பர் பட்டையைக் கட்டி, ஆள்காட்டி விரலை வைத்தாள். துணியைத் தொட்டது மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி துணி. இங்கேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் குத்தினாள். ரத்தம் வரவில்லை.

"ஒண்ணு" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

ஊசியை எடுத்தாள். விரலை நேராக வைக்காமல், தழும்பை விட்டு ஓரமாக, நகத்தை ஒட்டிய பக்கத்தால் தடவினாள். அந்தப் பக்கத்தால் அவள் எதையும் தேடியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். முழங்கை மடிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் போனாள். ஓரிடத்தில் ஏதோ ஒன்று, மிக மெல்ல, தூரத்திலிருந்து வருவது போல, திருப்பித் தள்ளியது. விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தால் போய்விடுமோ என்று. விரலை அங்கேயே விட்டுவைத்துக்கொண்டு புது ஊசியை விட்டாள்.

குழாயில் ரத்தம் ஏறியது.

"ரெண்டு" என்றார்.

"போதும் மாமா. முடிஞ்சுது. பஞ்சை அழுத்திப் பிடிங்க." குழாயின்மேல் ஒட்டும் சீட்டில் அவர் பெயரை எழுதினாள். எழுத்துகள் கோணலாகப் போயின. "சாயங்காலம் அந்தப் பொட்டியில குண்டுங்களத் திரும்ப மாட்டணும். எனக்குத் தனியா உக்காரப் பயமா இருக்கு. கைப்பிடி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டினார். கண் இன்னும் சுவரிலேயே இருந்தது.

"இங்க கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னால ஓடுது" என்றார். "யாரு சாவி குடுக்கறா இதுக்கு?"

"அது பேட்டரி மாமா."